அறைக்குப் பயமில்லை, தாழ்ப்பாளுக்குத்தான்

ஸ்கேன் எடுப்பதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். உடம்பில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதுக்குள் ஏதும் கருவி வைத்திருக்கிறதா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா, பச்சை குத்தியிருக்கிறீர்களா. வரிசையாக 'இல்லை' என்று டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முந்தின கேள்வியாக ஒரே ஒரு சொல் நின்றது: கிளாஸ்ட்ரோஃபோபியா? அதற்கும் இல்லை.

பொய் சொல்லவில்லை. சின்ன இடத்தைக் கண்டு பயப்படுவது என்றுதான் அந்தச் சொல்லுக்கு நான் அர்த்தம் வைத்திருந்தேன். எனக்கோ சின்ன இடங்கள் என்றால் கொள்ளை ஆசை. சிறுவயதில் மேஜையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கடியில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்து மணிக்கணக்காகப் படித்தவன். இன்றைக்கும் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகு சுவரில் உரசப் படுத்தால்தான் தூக்கம் வரும். இப்படிப்பட்டவனுக்கு என்ன கிளாஸ்ட்ரோஃபோபியா?

பதினோரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

கழுத்துவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அது. மல்லாக்கப் படுக்க வைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டத்தைப் பொருத்தினார் டெக்னீஷியன். இளைஞர்தான், இருபத்தைந்து வயது இருக்கும். "அசையவே கூடாது சார். கஷ்டமா இருந்தா இதை அமுக்குங்க" என்று வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்தார். பந்து என்றால் முழு உருண்டை இல்லை. பழைய காலத்து ஹாரன்களின் பின்னால் இருக்குமே, அந்த மாதிரி ஒரு குமிழ். அதன் வாலில் நீளமான ட்யூப். அமுக்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் மணி அடிக்கும்.

பலகை நகர்ந்து உள்ளே போனது. இந்தக் குழாய்களின் விட்டம் வழக்கமாக 60 சென்டிமீட்டர், கொஞ்சம் தாராளமான இயந்திரங்களில் 70. நான் போனது பழையது. தோள் இரண்டு பக்கமும் உரசியது. கண்ணுக்கு நேர் மேலே வெள்ளைச் சுவர், ஒரு சாண்கூட இல்லை. அப்புறம் சத்தம் ஆரம்பித்தது. தட்டல், உறுமல், துளைபோடும் சத்தம், மறுபடியும் தட்டல். காந்தப்புலத்தை நொடிக்குப் பலமுறை மாற்றும்போது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்கிற சத்தம் அது என்று முன்பே படித்திருந்ததால் ரசிக்கவே செய்தேன். எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். சொன்னால் நம்புவீர்களா தெரியாது, கண்கூடச் சொருகியது.

அப்போதுதான் வியர்த்திருந்த உள்ளங்கையிலிருந்து பந்து நழுவியது.

விரலால் துழாவினேன். விரிப்புத் துணி. பலகையின் விளிம்பு. மறுபடியும் துணி. கையை மடக்க முடியாது, முழங்கை சுவரில் இடிக்கிறது. தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது, கூண்டு. குழாய் ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கவில்லை; எனக்கு மட்டும் சுருங்கியது. உள்ளே காற்றே இல்லை என்று தோன்றியது. இதயம் காதுக்குள் அடித்தது. விரல் நுனியெல்லாம் குறுகுறுவென்று மரத்துப்போனது. "தம்பி!" என்று கத்தினேன். இயந்திரம் என்னைவிட நன்றாகக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்குவதற்கு நடுவில் சில நொடி அமைதி வருமே, அதில்தான் என் குரல் அவருக்குக் கேட்டது.

வெளியே இழுத்துப் போட்டதும் அவர் கேட்டார்: "பந்தை அமுக்கியிருக்கலாமே சார்?"

"அது கையில இருந்தா நான் ஏன் தம்பி கத்தப்போறேன்?"

கோபத்தில் சொன்னதுதான். வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்த பிறகு, அந்த வாக்கியத்துக்குள்தான் முழுக் கிளாஸ்ட்ரோஃபோபியாவும் உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது.

சொல்லின் முதல் பாதி லத்தீன். கிளாஸ்ட்ரம் என்றால் தாழ்ப்பாள், கதவுக்குக் குறுக்கே போடும் கட்டை. அதிலிருந்து, அப்படித் தாழிடப்பட்ட இடம். மூடு என்று பொருள்படும் கிளாடெரே என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தின் குளோஸ், குளோசெட் எல்லாம் இதே குடும்பம்தான். ரொம்ப நாள் நான் இந்தச் சொல்லை 'குளோஸ்ட்ரோஃபோபியா' என்று உச்சரித்துக்கொண்டிருந்தேன். தப்புதான், ஆனால் தாயாதி உறவில் நடந்த தப்பு.

இரண்டாம் பாதி கிரேக்கம். ஃபோபோஸ் என்றால் பயம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹோமரின் கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் பழைய அர்த்தம் ஒன்று உண்டு: ஓட்டம். போர்க்களத்தில் கிலி பிடித்துப் புறமுதுகிட்டு ஓடுவது. பிறகுதான் ஓடவைக்கும் உணர்ச்சிக்கு அது பெயரானது. ஆக, இரண்டு பாதியையும் பழைய அர்த்தத்தில் ஒட்டினால் கிடைப்பது, ஓட வேண்டும், ஆனால் தாழ் போட்டிருக்கிறது. சின்ன அறை, குறுகிய இடம் என்ற பேச்சே இதில் இல்லை.

லத்தீனையும் கிரேக்கத்தையும் இப்படி ஒட்டவைத்தவர் பாரிசில் மனநோய் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெஞ்சமின் பால். வருடம் 1879. பால் என்றால் ஆங்கிலத்தில் பந்து. பந்தைத் தொலைத்த அன்றைக்கே இதைப் படித்தேன் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன்.

அதற்கு எட்டு வருடம் முன்பு, 1871இல், ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் அகோராஃபோபியா என்ற சொல்லை உருவாக்கியிருந்தார். அகோரா என்றால் கிரேக்கச் சந்தைத் திடல். ஒன்று திறந்த வெளிக்குப் பயம், மற்றது மூடிய இடத்துக்குப் பயம், இரண்டும் எதிர்ச்சொற்கள் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். மனநல மருத்துவர்கள் இன்று கையில் வைத்திருக்கும் டி.எஸ்.எம்.-5 என்ற நோய்க் கையேட்டில் அகோராஃபோபியாவுக்கு ஐந்து சூழ்நிலைகள் சொல்லியிருக்கிறார்கள்: பொது வாகனங்கள், திறந்த வெளி, மூடிய இடங்கள், வரிசை அல்லது கூட்டம், வீட்டை விட்டுத் தனியாக வெளியே இருப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். எதிர்ச்சொல் என்று நினைத்தது பட்டியலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஏதாவது ஆனால் இங்கிருந்து தப்பிப் போக முடியாதே, உதவி கிடைக்காதே என்ற எண்ணம்தான் அந்த ஐந்தையும் ஒன்றாகக் கட்டுகிறது.

கிளெய்த்ரோஃபோபியா என்று இன்னொரு சொல்லையும் சிலர் புழங்குகிறார்கள். கிளாஸ்ட்ரோஃபோபியா குறுகிய இடத்துக்கான பயமாம், கிளெய்த்ரோஃபோபியா மாட்டிக்கொள்வதற்கான பயமாம். எனக்கு இது தேவையில்லாத பாகப்பிரிவினையாகத் தெரிகிறது. கிளெய்த்ரான் என்றால் கிரேக்கத்தில் தாழ்ப்பாள். கிளாஸ்ட்ரம் என்றால் லத்தீனில் தாழ்ப்பாள். ஒரே தாழ்ப்பாளுக்கு இரண்டு நோயா?

ஆனால் பயத்துக்குள் இரண்டு இழை இருப்பது உண்மை. உளவியலாளர் ஸ்டான்லி ராக்மேனும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை 1990களில் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, மூச்சு முட்டிவிடும் என்ற பயம். மற்றது, அசைய முடியாமல் கட்டுண்டு கிடப்போம் என்ற பயம். 2001இல் வெளிவந்த அவர்களது கேள்வித்தாளில் 26 கேள்விகள். அவையும் இந்த இரண்டு பிரிவாகத்தான் இருக்கும். மூக்கடைப்போடு இருப்பது, கதவு மூடிய லிஃப்டில் நிற்பது ஒரு பக்கம். கைகால் கட்டப்பட்டுக் கிடப்பது, உறக்கப்பைக்குள் இறுக்கமாக மாட்டிக்கொள்வது மறுபக்கம். சிலருக்கு ஒன்று அதிகம், சிலருக்கு மற்றது. எம்.ஆர்.ஐ. குழாய் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கும்.

கழுத்து இறுக்கமான டி-ஷர்ட்டைத் தலைவழியே கழற்றும்போது பாதியில் சிக்கியதுண்டா? கை இரண்டும் மேலே, முகத்தில் துணி, எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாத அந்த மூன்று நொடி. அதில் லேசாக ஒரு பதற்றம் வருமே, அதுதான். பயம் இல்லாதவர்கள் என்று யாரும் கிடையாது, வாசல்படி எவ்வளவு உயரம் என்பதில்தான் வித்தியாசம்.

மூச்சு விஷயம் தனிக் கதை. எம்.ஆர்.ஐ. குழாய் இரண்டு முனையும் திறந்தது, உள்ளே காற்றாடிக் காற்றும் வீசும். லிஃப்ட் நடுவில் நின்றாலும் அதற்குள் காற்று தீர்ந்துவிடாது, காற்றுப்புகாத பெட்டியாக அதை யாரும் செய்வதில்லை. இருந்தும் மூச்சு முட்டுகிறதே ஏன்? நம் உடம்பு ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்த்து அலறுவதைவிட, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறதா என்று பார்த்துத்தான் அதிகம் அலறுகிறது. இதில் ஒரு வியப்பான சோதனை உண்டு. மூளையில் பயத்தின் மையம் என்று சொல்லப்படும் அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண்மணி, ஆய்வுலகில் எஸ்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டும் அறியப்பட்டவர். பாம்பைக் கையில் எடுப்பார், பேய்ப்படம் பார்த்துச் சும்மா இருப்பார். 2013இல் வெளிவந்த ஆய்வில் அவரை 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். அலறி, முகமூடியைப் பிடுங்கப் போய்விட்டார். எதற்கும் பயப்படாதவரையும் மூச்சு மட்டும் பயமுறுத்திவிட்டது. அந்த அலாரம் வேறு கம்பியில் ஓடுகிறது போலிருக்கிறது.

எனக்குக் குழாய்க்குள் நடந்தது இதற்கு நேர் எதிர். பதறி வேகவேகமாக மூச்சு இழுத்ததில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்குக் கீழே இறங்கியிருக்கும். விரல் மரத்துப்போவது, தலை சுற்றுவது, இன்னும் மூச்சு போதவில்லை என்று தோன்றுவது எல்லாம் அதன் வேலை. போதவில்லை என்று இன்னும் இழுப்போம், இன்னும் மோசமாகும். இழுப்பதைவிட மெதுவாக விடுவதைக் கவனி என்று சொல்லித்தருவது இதனால்தான். இதெல்லாம் தெரிந்த பிறகு நிம்மதியாக இருந்ததா? இல்லை. ஆனால் என் மேல் எனக்கு இருந்த வெட்கம் குறைந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கிளாஸ்ட்ரோஃபோபியா என்பது பெயர்ச்சொல். கிளாஸ்ட்ரோஃபோபிக் என்று ஆக்கினால் அது ஆளையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். 'நான் கிளாஸ்ட்ரோஃபோபிக்' என்றால் எனக்கு அந்தப் பயம். 'இந்த லிஃப்ட் கிளாஸ்ட்ரோஃபோபிக்' என்றால் லிஃப்டுக்கு ஒரு பயமும் இல்லை, ஏறுகிறவரை அது அப்படி ஆக்குகிறது. இரண்டுமே சரியான ஆங்கிலம்தான். மற்ற ஃபோபியாக்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சிலந்திக்குப் பயப்படுகிறவர் அரக்னோஃபோபிக். சிலந்தியை யாரும் அரக்னோஃபோபிக் என்று சொல்வதில்லை. சிலந்தி வேறு, பயப்படுகிறவர் வேறு. மூடிய இடத்தில் மட்டும் பயம் உள்ளே இருக்கிறதா சுற்றிலும் இருக்கிறதா என்று பிரிக்க முடிவதில்லை. அதனால்தான் சொல்லும் சுவர் தாண்டிப் பரவியதோ என்னவோ.

எழுதும்போது நடுவில் வரும் 'ட்ர'வை விழுங்கிவிடுகிறவர்கள் நிறைய. பேசும்போது அழுத்தம் 'ஃபோ'வில் விழ வேண்டும். அப்புறம், 'எனக்குக் கிளாஸ்ட்ரோஃபோபியா பயம்' என்று சொல்லாதீர்கள். ஃபோபியாவிலேயே பயம் இருக்கிறது. அது 'நடுசென்டர்' மாதிரி ஆகிவிடும்.

அர்த்தத்தை நீட்டிப் பேசுகிற வழக்கமும் உண்டு. கிளாஸ்ட்ரோஃபோபிக்கான திருமணம், கிளாஸ்ட்ரோஃபோபிக்கான வேலை. நோயின் பெயரை இப்படி மலிவாக்கலாமா என்று சிலர் கோபப்படுவார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. உண்மையான கிளாஸ்ட்ரோஃபோபியா என்று மருத்துவர் சொல்ல, பயம் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும், அந்தச் சூழ்நிலை வரும்போதெல்லாம் ஏறக்குறைய தவறாமல் வர வேண்டும், வாழ்க்கையைத் திருப்பிவிடும் அளவுக்கு இருக்க வேண்டும். இருபது மாடி படியேறிப் போகிறவர்கள், லிஃப்டுக்குப் பயந்து நல்ல வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். என் பதினோரு நிமிஷத்தை அவர்களுடையதோடு சேர்க்க எனக்கே கூச்சம். ஆனாலும் அந்த நீட்டலை நான் எதிர்க்க மாட்டேன். ஒரு திருமணத்தை கிளாஸ்ட்ரோஃபோபிக் என்கிறவர் அதன் சதுர அடியைச் சொல்லவில்லை, வெளியே போக வழியில்லை என்கிறார். அறையின் அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களைவிட அவர்தான் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

தமிழில் இதை மூடிய இட அச்சம், அடைவிட அச்சம், குறுகிய இட அச்சம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கடைசியது எனக்கு ஆகாது. அதை நம்பித்தான் படிவத்தில் 'இல்லை' போட்டேன். அடைவிடம் நல்ல சொல். அடை என்பதைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள். மூக்கு அடைக்கிறது, காது அடைக்கிறது, அழுகை வந்தால் தொண்டை அடைக்கிறது, நெஞ்சுக்கு மாரடைப்பு, சிறையில் அடைப்பு. பக்கத்திலேயே அடைகாப்பது இருக்கிறது, அடைக்கலம் இருக்கிறது. அடைக்கலத்தின் அடை சென்று சேர்வது, அடைப்பின் அடை வேறு என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். காதுக்கு இரண்டும் பக்கத்து வீடுதான். லத்தீனிலும் இதே வேடிக்கை நடந்திருக்கிறது. கிறிஸ்தவத் துறவிகள் உலகத்தை விட்டு நிம்மதியாக உள்ளே அடங்கியிருக்கும் மடத்துக்குக் குளோய்ஸ்டர் என்று பெயர். அதுவும் கிளாஸ்ட்ரத்திலிருந்து வந்ததே. ஒரே தாழ்ப்பாள். உள்பக்கம் இருந்தால் மடம், வெளிப்பக்கம் இருந்தால் சிறை. என் மேஜைக்கூடாரத்தில் தாழ்ப்பாள் என் கையில் இருந்தது, போர்வையை விலக்கினால் போதும்.

உரிச்சொல்லுக்கு 'அச்சம்' போட்டு மொழிபெயர்க்கப் போனால் மாட்டிக்கொள்வோம். 'அடைவிட அச்சமூட்டும் அறை' என்று யார் பேசுவார்கள்? இடத்தைச் சொன்னால் மூச்சு முட்டுகிற அறை. ஆளைச் சொன்னால் 'அடைஞ்சு கிடந்தா எனக்கு ஆகாது'. உறவையும் வேலையையும் சொன்னால் புழுக்கம். வானிலைக்கும் மனதுக்கும் பொதுவாக நாம் வைத்திருக்கும் அந்தச் சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்கேன் பாக்கி இருந்தது. கழுத்தும் வலித்துக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம், பக்கவாட்டில் திறந்த இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போகலாம், இல்லாவிட்டால் பழகிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். பழகுவது என்றால் பயத்தைப் படிப்படியாக, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்வது. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் முறைப்படுத்திய வழி அது. பெரிய சிகிச்சையாக இல்லாமல் வீட்டிலேயே முயன்று பார்த்தேன். பொருள் போட்டுவைக்கும் சின்ன அறைக்குள் நான், வெளியே கைப்பிடியைப் பிடித்தபடி என் மனைவி.

முதல் நாள் இரண்டு நிமிஷம் என்று பேசிக்கொண்டோம். ஒன்றுமே ஆகவில்லை. அடுத்த நாள் ஐந்து. அதுவும் ஆயிற்று, உள்ளே ஒரு பழைய டைரியைக்கூடப் புரட்டினேன். மூன்றாம் நாள் 'எத்தனை நிமிஷம்னு சொல்லாதே' என்றேன். நாற்பது நொடிதான் இருக்கும், கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அதே அறை, அதே கைப்பிடி, அதே ஆள்.

"போதுமாங்க?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு திறந்தாள்.

அமெரிக்காவின் நாசாவுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. 1970களின் கடைசியில் விண்வெளி ஓடத்துக்கு ஆள் எடுத்தபோது, ஒரு மீட்டர்கூட விட்டமில்லாத துணிப் பந்துக்குள் ஆளை உட்காரவைத்து ஜிப்பை மூடிவிடுவார்கள். ஆபத்து நேரத்தில் ஒரு ஓடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களைக் கொண்டுபோக யோசித்த பை அது. இருட்டு, முழங்கால் தாடையில். எத்தனை நேரம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். என் மனைவி நாசாவில் சேரலாம்.

இரண்டாவது முறை போனபோது படிவத்தில் 'ஆம்' போட்டேன். அதே இளைஞர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "இந்தத் தடவை இருபத்திரண்டு நிமிஷம் சார். ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் எவ்வளவு பாக்கின்னு ஹெட்போன்ல சொல்றேன்" என்றார். பந்தை உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டைச் சுற்றி ட்யூபைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். உள்ளே போகும் முன்பே இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அந்தப் பக்கம் மணி அடித்தது.

ஒரு தடவைகூட அமுக்கவில்லை. பலகை வெளியே வந்தது, கூண்டைக் கழற்றினார், பிளாஸ்திரியைப் பிரித்தார். பந்து கீழே விழவில்லை.

"விடுங்க சார்" என்றார், என் விரல்களைத் தட்டி. "அடுத்தவங்களுக்குக் கொடுக்கணும்."